புரத பேகலும் அம்மாவின் தட்டும்

மெதுவடையைப் போல நடுவில் துளையுள்ள பேகல் என்னும் ரொட்டி, வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகள் வாயிலாக எல்லையோரத்துச் சமையலறைகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அதிலும் 'புரதம் மிகுந்த கார பேகல்' என்றால் இளைஞரிடையே தனி மதிப்பு. புதியது என்பதற்காக அதை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் புரதத்தை எங்கிருந்து எடுக்கிறோம், அது வீட்டில் யாருடைய தட்டுக்குப் போகிறது என்னும் இரண்டு கேள்விகளை, மீனாட்சிபுரம் முதல் மூணாறு வரை தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பேகலும் குடிபெயர்ந்தோரின் உணவுதான். போலந்து நாட்டுக் கிராக்கோவ் நகர யூதர்களின் 1610-ஆம் ஆண்டு விதிமுறைகளில் அதன் பெயர் காணப்படுகிறது. பிற்காலத்தில் பிழைப்புத் தேடி நியூயார்க் சென்ற யூதர்கள் அதையும் உடன் கொண்டு சென்றனர். நம் முன்னோர் தேயிலை மலைக்கு அடையையும் துவையலையும் கொண்டு வந்தார்களே, அதுபோலத்தான். பிசைந்த மாவை வளையமாக்கி, கொதிநீரில் ஒரு நிமிடம் வேகவிட்டு, பிறகு சுடுவதே இதன் தனித்தன்மை. மேல்மாவு முதலிலேயே வெந்து தோலாக இறுகிவிடுவதால் வெளியே பளபளப்பும் உள்ளே அழுத்தமான மென்மையும் கிடைக்கின்றன.

இனி முதல் கேள்விக்கு வருவோம். புரதம் என்றதும் டப்பாவில் வரும் மாவை வாங்க ஓடுகிறோம். நம் வீட்டுப் பருப்பு டப்பாவைத் திறந்து பார்ப்பதில்லை. 100 கிராம் மைதாவில் ஏறக்குறைய 10 கிராம் புரதம். அரிசியில் 7 அல்லது 8 கிராம். துவரை, கடலை, உளுந்து, கொள்ளு ஆகியவற்றிலோ 20 கிராமுக்கு மேல். தானியப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் பருப்பில் நிறைய உண்டு. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் தானியத்தில் உண்டு. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது. இட்லியும் அடையும் இந்தக் கணக்கை நெடுங்காலமாக அறிந்தவை.

ஆகவே பேகல் சுட விரும்புவோர் 150 கிராம் மைதாவுடன் 50 கிராம் பொட்டுக்கடலை மாவும், துணியில் கட்டி நீர் வடித்த கெட்டித்தயிர் 150 கிராமும், உப்பும் ஈஸ்டும் சேர்த்துப் பிசையட்டும். கடலை மாவு இந்த அளவைத் தாண்டினால் பசைத்தன்மை குறைந்து வளையம் உப்பாது. பச்சைமிளகாய், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், பெருங்காயம் சேர்த்தால் காரமும் மணமும் நம்முடையதாகிவிடும். நான்கு பேகல் செய்தால் ஒன்றுக்குச் சுமார் 9 கிராம் புரதம். வெறும் மைதாவில் செய்தால் 5 கிராம்தான். ஓவன் இல்லாதவர்கள் அடிகனத்த பாத்திரத்தில் உப்பைப் பரப்பி, மேலே தட்டு வைத்து மூடிச் சுடலாம். அதுவும் முடியாதென்றால் கவலை வேண்டாம். 100 கிராம் அரிசியும் 100 கிராம் பருப்பும் ஊறவைத்து அரைத்த அடைமாவில், தயிர் சேர்க்காமலே ஏறக்குறைய 29 கிராம் புரதம் இருக்கிறது.

இதற்கான பொருள்களுக்கு நாம் தூரம் போகவும் வேண்டாம். நம் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடித் துவரையும், இடுக்கியின் காந்தளூர்-வட்டவடைப் பூண்டும், ஓணாட்டுக்கரை எள்ளும் 2022-இல் புவிசார் குறியீடு பெற்றவை. பேகலின் மேல் தூவ எள்ளும் பூண்டும், உடன் வைத்துக்கொள்ளத் துவரம்பருப்புத் துவையலும் இருந்தால் வேறென்ன வேண்டும்? ஆனால் அதே அட்டப்பாடியில்தான் 2013-இல் ஊட்டச்சத்துக் குறைந்த தாய்மார்களின் பச்சிளங் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. நல்ல பருப்பு விளையும் மண்ணிலும் தாயின் தட்டு காலியாக இருக்கக்கூடும் என்பதை நாம் மறக்கலாகாது.

இதுவே இரண்டாவது கேள்வி. உடற்பயிற்சி செய்யும் மகனுக்குப் புரதம் எத்தனை கிராம் என்று எண்ணிப் பார்க்கும் வீட்டில், அம்மாவுக்கு எத்தனை என்று எவரேனும் எண்ணியதுண்டா? விடியுமுன் எழுந்து, எல்லோருக்கும் சமைத்துவிட்டு, தான் மட்டும் கட்டன்சாயாவும் வர்க்கியுமாகக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் நம்மிடையே எத்தனை பேர்! இரவிலும் கடைசியாக உட்காரும் அவர்களுக்குக் குழம்பின் அடியில் இருப்பதுதான் மிச்சம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும். கருவுற்ற கடைசி மூன்று மாதங்களில் மேலும் 22 கிராம் வேண்டும். சாயாவும் வர்க்கியும் இதில் எவ்வளவு தரும்?

பேகல் சுடும் பிள்ளைகளை நாம் பாராட்டுவோம். முதலில் சுட்டதை அம்மாவுக்கு எடுத்து வைக்கவும் அவர்களைப் பழக்குவோம். நம் சங்கங்கள் பொங்கல் விழாவில் நடத்தும் சமையல் போட்டியில் பாயசத்துக்கும் கேசரிக்கும் தரும் பரிசோடு, பருப்பில் செய்த பலகாரத்துக்கும் ஒரு பரிசு வைக்கலாம். அது அடையாக இருந்தாலும் சரி, பேகலாக இருந்தாலும் சரி.