தலைக்கு மேல் ஓடும் காற்று

2017ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் இரவைப் பினாங்கு மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். கிழக்கிலிருந்து நகர்ந்து வந்த ஒரு குறைந்த காற்றழுத்த மண்டலத்தால் பலத்த காற்றும் கனமழையும் விடிய விடிய நீடித்தன. ஒரு மாத மழைக்கு நிகரான மழை ஓரிரவில் கொட்டியது. ஜார்ஜ்டவுனிலும் செபராங் பிறையிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மரங்கள் வேரோடு சாய்ந்தன. ஏழு பேர் உயிரிழந்தனர். எங்கள் பக்கத்து வீட்டு அத்தை அன்று குளிர்பதனப் பெட்டியையும் தையல் இயந்திரத்தையும் இழந்தார். அந்தத் தையல் இயந்திரம்தான் அவருக்குச் சோறு போட்டது.

சில ஆண்டுகள் கழித்து, ஒரு ஜூலை மாத மாலையில் அவருடைய புலனத்திற்கு ஒரு படம் வந்து சேர்ந்தது. வண்ணம் பூசிய வரைபடம். பினாங்கின்மேல் சிவப்பும் ஊதாவுமாகக் கோடுகள் ஓடின. 'மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் புயல் காற்று வருகிறது, உடனே பகிருங்கள்' என்று கீழே எழுதியிருந்தது. அத்தை அன்றிரவு உறங்கவில்லை. புதிதாக வாங்கிய தையல் இயந்திரத்தை மேசைமேல் ஏற்றி, மேசையைச் செங்கல்மேல் ஏற்றி, விடியும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தார். ஓர் இலைகூட அசையவில்லை.

மறுநாள் அந்தப் படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். படம் பொய்யன்று. அதன் மூலையில் '200 ஹெக்டோபாஸ்கல்' என்று சிறிய எழுத்தில் இருந்தது. அதாவது, அது தரையில் வீசும் காற்றின் படமே அன்று; ஏறத்தாழ 12 கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றின் படம். அந்த உயரத்தில் ஜூலை மாதத்தில் அத்தகைய வேகம் மிகவும் இயல்பானது. அதை அனுப்பியவருக்கும் அது தெரியவில்லை, பகிர்ந்தவர்களுக்கும் தெரியவில்லை.

மேல்வளி வரைபடத்தைப் படிக்கும் திறனை நம் இடைநிலைப் பள்ளி மாணவர்கள் பெற வேண்டும் என்று நான் சொல்வதற்கு அந்த ஓர் இரவே போதுமான காரணம். பள்ளியில் நாம் சமவுயரக் கோடுகளைப் பார்த்து மலையையும் பள்ளத்தாக்கையும் அடையாளம் காணக் கற்கிறோம். தலைக்கு மேலுள்ள காற்றுக்கும் அத்தகைய வரைபடங்கள் உண்டு. அவற்றை இன்று எவரும் திறன்பேசியில் இலவசமாகப் பார்க்கலாம். பார்க்கும் வசதி வந்துவிட்டது. படிக்கும் பயிற்சி இன்னும் வரவில்லை.

முதலில் அந்த வரைபடம் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். பாயான் லெப்பாஸிலுள்ள வானிலை நிலையத்திலிருந்து நாள்தோறும் ஒரு பெரிய பலூன் வானில் விடப்படுகிறது. அதன் அடியில் ஒரு சிறிய கருவிப் பெட்டி தொங்கும். வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம் ஆகியவற்றை அது வானொலி அலைகளின் வழியே கீழே அனுப்பிக்கொண்டே மேலேறும். பலூன் எந்தப் பக்கம், எவ்வளவு விரைவாக அடித்துச் செல்லப்படுகிறதோ அதைக் கொண்டு காற்றின் திசையும் வேகமும் கணக்கிடப்படுகின்றன. நிமிடத்திற்குச் சுமார் 300 மீட்டர் ஏறும் இந்தப் பலூன், 30 கிலோமீட்டர் அளவுக்கு உயர்ந்தபின் வெடித்துவிடும். கோத்தா பாரு, குவாந்தான், கூச்சிங் முதலிய ஊர்களிலும் இப்படியே. இவை நம் நேரப்படி காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் உரிய அளவீடுகள். உலகெங்கும் அதே நேரத்தில் நூற்றுக்கணக்கான பலூன்கள் பறக்கின்றன. அனைத்தையும் ஒரே தாளில் குறித்தால் மேல்வளி வரைபடம் கிடைக்கிறது. இப்போது துணைக்கோள்களும் விமானங்களும் அனுப்பும் தரவுகளும் அதனோடு சேர்கின்றன.

இந்த வரைபடங்களில் உயரம் மீட்டரில் எழுதப்படுவதில்லை, அழுத்தத்தால் குறிக்கப்படுகிறது. கடல்மட்டத்தில் அழுத்தம் ஏறக்குறைய 1010 ஹெக்டோபாஸ்கல். மேலே போகப் போக அது குறையும். 850 என்றால் சுமார் 1,500 மீட்டர் உயரம். நம் கொடிமலையின் உயரம் 833 மீட்டர். கடலுக்கு அப்பால் கெடாவில் தெரியும் ஜெராய் மலை 1,217 மீட்டர். ஆக, 850 வரைபடம் ஜெராய் மலைக்கும் சற்று மேலே வீசும் காற்றைக் காட்டுகிறது. 500 என்றால் ஏறத்தாழ 5,900 மீட்டர்; வளிமண்டலத்தின் பாதி எடை அதற்குக் கீழேயே அடங்கிவிடும். 200 என்பது விமானங்கள் பறக்கும் உயரத்தை ஒட்டியது. அத்தைக்கு வந்த படத்தில் இந்த ஓர் எண்ணைக் கவனித்திருந்தால் அன்றிரவு அவர் நிம்மதியாக உறங்கியிருப்பார்.

அடுத்து, காற்றுக் குறி. ஒரு சிறு கோலும் அதன் நுனியில் சில கீற்றுகளும் இருக்கும். கீற்றுகள் உள்ள பக்கத்திலிருந்துதான் காற்று வருகிறது. அரைக் கீற்று 5 நாட், முழுக் கீற்று 10 நாட், முக்கோணக் கொடி 50 நாட். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். இதைக் கற்க ஒரு பாடவேளை போதும்.

இனி ஜெட் காற்றோட்டத்திற்கு வருவோம். உயர் வானில் குறுகிய பாதையில், ஆறுபோல் மிக விரைவாக ஓடும் காற்றையே அப்படி அழைக்கிறோம். அதை முறையாக அளந்து எழுதிய முன்னோடிகளுள் ஒருவர் ஜப்பானியரான வசாபுரோ ஓயிஷி. 1920களில் தத்தேனோ என்னும் ஊரிலிருந்து பலூன்களை விட்டு, குளிர்காலத்தில் ஜப்பானின்மேல் வீசும் கடும் மேலைக் காற்றை அவர் கண்டறிந்தார். உலகம் முழுவதும் படிக்கட்டுமே என்று அவர் தம் அறிக்கையை 1926இல் எஸ்பெராந்தோ மொழியில் வெளியிட்டார். அந்தோ, அம்மொழியை அறிந்தவர் மிகச் சிலரே! இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின்மேல் பறந்த அமெரிக்க விமானிகள் அதே காற்றில் சிக்கித் தடுமாறியபோதுதான் மற்ற நாட்டினர் அதன் வலிமையை உணர்ந்தனர்.

"ஜப்பானின் காற்று நமக்கு எதற்கு? பினாங்கு இருப்பது பூமத்திய ரேகைக்கு அருகில். ஜெட் காற்றோட்டம் குளிர் நாடுகளுக்கு உரியதல்லவா?" என்று கேட்கலாம். நான் பேசிப் பார்த்த ஆசிரியர் ஒருவரும் இதையே சொன்னார். இக்கருத்தை நான் ஏற்கவில்லை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் வட்டாரத்திற்கும் ஒரு ஜெட் காற்றோட்டம் உண்டு. அதற்கு வெப்பமண்டலக் கீழை ஜெட் என்று பெயர். கிழக்கிலிருந்து மேற்காக ஓடும் இந்தக் காற்றை 1950களில் விளக்கி, 1958இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். கோடையில் திபெத்தின் உயர்ந்த மேட்டுநிலம் வெயிலில் சூடேறுகிறது. அதனால், அதற்கு மேலுள்ள காற்று, அதே உயரத்தில் பூமத்திய ரேகைக்கு மேலுள்ள காற்றைவிட வெப்பமாகிவிடுகிறது. வழக்கத்திற்கு மாறாக வடக்கு வெப்பமாகவும் தெற்கு குளிராகவும் இருப்பதால், மேலே செல்லச் செல்லக் கீழைக் காற்று வலுக்கிறது. தென்னிந்தியாவின்மேல் அது மணிக்கு 100 கிலோமீட்டரைக் கடந்துவிடும். மலேசியாவின்மேல் அது வேகமெடுக்கத் தொடங்குகிறது. ஜூலையில் பினாங்கிலிருந்து சென்னைக்குப் பறக்கும் விமானத்தை இக்காற்று பின்னாலிருந்து தள்ளிவிடும்; திரும்பி வரும்போது எதிர்த்து நிற்கும்.

இதை வெறுங்கண்ணாலும் காணலாம். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மாலை வேளையில் கோத்தா லாமா திடலில் நின்று வானத்தைப் பாருங்கள். கடற்காற்று மேற்கிலிருந்து முகத்தில் அடிக்கும். ஆனால், தீபகற்பத்தின்மேல் எழுந்த இடிமேகத்தின் தலையோ மேற்கு நோக்கி, பட்டறைக் கல்லைப்போல் நீண்டு படர்ந்திருக்கும். கீழே ஒரு காற்று, மேலே அதற்கு நேர் எதிரான காற்று. நம் முன்னோர் கிழக்குக் காற்றைக் கொண்டல் என்றும் மேற்குக் காற்றைக் கோடை என்றும் வடக்குக் காற்றை வாடை என்றும் தெற்குக் காற்றைத் தென்றல் என்றும் பெயரிட்டுப் பிரித்து அறிந்தனர். அவர்கள் பெயரிட்டவை உடலைத் தொட்ட காற்றுகள். உடலைத் தொடாத காற்றையும் படிக்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பெரும்பாலான நூல்களும் காணொளிகளும் ஐரோப்பா, அமெரிக்கா ஆகியவற்றின் வரைபடங்களைக் கொண்டே விளக்குகின்றன. அங்கே சமவுயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் காற்று வலிமையானது. கோடுகளை ஒட்டியே காற்று ஓடும். பூமி சுழல்வதால் ஏற்படும் விலக்கு விசை அங்கு வலுவாக இருப்பதே அதற்குக் காரணம். பினாங்கு இருப்பதோ 5 பாகையைச் சற்றே தாண்டிய வட அட்சத்தில். இங்கே அவ்விசை மிகவும் சிறியது. 500 வரைபடத்தில் நம் நாட்டைச் சுற்றிப் பார்த்தால், உயரங்களெல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். கோடு வரைவதற்கே வழியிராது. ஆகையால், வெப்பமண்டல வானிலையாளர்கள் காற்று செல்லும் வழியையே கோடாக வரைகிறார்கள். அதைக் காற்றோட்டக் கோடு எனலாம். இக்கோடுகள் நெருங்கியிருப்பதால் மட்டும் காற்று வேகமானது என்று முடிவு செய்யக்கூடாது. வேகத்தைத் தனிக் கோட்டாலோ வண்ணத்தாலோ காட்டுவார்கள். வெளிநாட்டு விதியை அப்படியே கொண்டுவந்து நம் வரைபடத்தில் பொருத்தினால் தவறான விடையே கிடைக்கும். அதனால்தான், இதை இணையத்தில் தாமாகக் கற்றுக்கொள்ளட்டும் என்று மாணவர்களை விட்டுவிடக் கூடாது என்கிறேன். நம் வானத்திற்கு ஏற்ற பாடம் நம் வகுப்பறையில்தான் எழுதப்பட வேண்டும்.

காற்றோட்டக் கோடுகளில் பார்க்க வேண்டியவை முக்கியமாக இரண்டு. 850 வரைபடத்தில் கோடுகள் ஓரிடத்தில் வந்து குவிகின்றனவா, சுழல்கின்றனவா? அதே இடத்தின்மேல் 200 வரைபடத்தில் அவை விரிந்து பிரிகின்றனவா? கீழே குவியும் காற்றுக்குப் போக்கிடம் மேலே தவிர வேறில்லை. மேலே அது விரிந்து செல்ல வழியும் இருந்தால், புகைபோக்கி வைத்த அடுப்பைப்போல் ஈரக்காற்று தொடர்ந்து மேலெழும், மேகம் திரளும், பெருமழை பொழியும். 2017 நவம்பரில் வந்ததைப் போன்ற ஒரு காற்றழுத்த மண்டலம் நெருங்கும்போது, 850 வரைபடத்தில் அது மூடிய சுழலாகத் தெரியும். அத்தைக்கு வந்த ஜூலை மாதப் படத்தில் சுழலே இல்லை. கிழக்கிலிருந்து மேற்காக நேராக ஓடும் கோடுகள்தாம் இருந்தன.

வடகிழக்குப் பருவமழைக் காலத்திலோ ஓயிஷியின் காற்றும் நம்முடன் தொடர்பு கொள்கிறது. சைபீரியக் குளிர்காற்று தென் சீனக் கடலைக் கடந்து வந்து, கிளந்தான், திரங்கானு கரைகளில் மழையாகிறது. அந்த மழையில் மேலெழுந்த காற்று உயர் வானில் வடக்கே திரும்பிச் சென்று, ஜப்பானின்மேல் ஓடும் ஜெட் காற்றோட்டத்திற்கு வலுவூட்டுகிறது. கோத்தா பாருவில் நனைபவருக்கும் தோக்கியோவின்மேல் பறப்பவருக்கும் இடையே இப்படியொரு தொடர்பு!

மறுப்புகள் எழும் என்பதை அறிவேன். 'முன்னறிவிப்பு தர மலேசிய வானிலை ஆய்வுத் துறை இருக்கிறது. மாணவர்கள் ஏன் வரைபடம் பார்த்துக் குழம்ப வேண்டும்?' என்பது அவற்றுள் வலுவான ஒன்று. வரைபடம் படிக்கத் தெரிந்த மாணவர் வானிலையாளர் ஆகிவிடமாட்டார்; அவர் வீட்டிலிருந்து எச்சரிக்கை வெளியிடவும் கூடாது. சுமாத்திராவிலிருந்து நீரிணையைத் தாண்டி விடியற்காலையில் வந்து மோதும் திடீர்ப் புயல்மழையை, 200 வரைபடம் மட்டும் பார்த்து எவராலும் சொல்ல முடியாது; அதற்கு ரேடாரும் அனுபவமும் வேண்டும். ஆனால், துறை வெளியிடும் எச்சரிக்கைக்கும் புலனத்தில் சுற்றும் வதந்திக்கும் வேறுபாடு காண அடிப்படை அறிவு தேவை. வீண் அச்சத்தால் ஓர் இரவு உறக்கம் கெடுவதோடு நின்றால் பரவாயில்லை. பொய்யான எச்சரிக்கையைப் பலமுறை கேட்டுச் சலித்தவர், உண்மையான எச்சரிக்கை வரும்போதும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவார். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்கிறோம். அணை போடுவதா வேண்டாமா என்று அறிய, வருவது வெள்ளந்தானா என்று தெரிய வேண்டாமா?

பாடத்திட்டம் ஏற்கெனவே கனத்துவிட்டது என்னும் குறையை மட்டும் நான் முழுமையாக மறுக்கமாட்டேன். தேர்வுக்குரிய தனிப்பாடமாக இதைச் சேர்க்க வேண்டியதில்லை. சேர்த்தால் விதிகளை மனப்பாடம் செய்து மறந்துவிடுவார்கள். அறிவியல் கழகத்தில் வாரத்திற்கு ஒரு வரைபடம், அரை மணி நேரம். அவ்வளவே. தமிழில் பேசிப் பழகினால் வீட்டிலுள்ள அத்தைக்கும் பாட்டிக்கும் சொல்லவும் வரும்.

ஜூலை மாதத்திலேயே தொடங்கலாம். ஒரு வாரம் நாள்தோறும் மாலையில் இடிமேகத்தின் தலை எந்தப் பக்கம் நீள்கிறது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். இரவு 8 மணிக்குரிய 200 வரைபடம் வெளிவந்ததும் இரண்டையும் ஒப்பிடுங்கள். ஏதேனும் ஒரு நாள் இரண்டும் பொருந்தாவிட்டால், அந்தப் பக்கத்தையே முதலில் ஆசிரியரிடம் காட்டுங்கள்.