கொள்ளிடம் யாருக்காகச் சுமக்கிறது?

மேட்டூர் அணை 120 அடியை எட்டி, உபரிநீர் திறக்கப்படும் போதெல்லாம் எங்கள் திருவரங்கத்தில் ஒரு வாதம் தவறாமல் எழுகிறது: ‘ஆற்றோரம் குடியிருப்பவர்களுக்கு அரசு ஏன் நிவாரணம் தர வேண்டும்?’

தெரிந்தே இடரை ஏற்றவர் விளைவையும் ஏற்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், கொள்ளிடத்து வெள்ளம் முற்றிலும் இயற்கையின் செயலன்று. 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டத் தொடங்கிய காலம் முதல், காவிரி தாங்காத நீரைக் கொள்ளிடத்தில் திருப்புவதே நமது ஏற்பாடு. நகரமும் டெல்டா வயல்களும் அதனால் தப்புகின்றன. கடைமடையில் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு போன்ற சிற்றூர்கள் மூழ்குகின்றன.

2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் ஒன்பது மதகுகள் உடைந்தன. பின்னர் புதிய கதவணை எழுந்தது. அந்தச் செலவை நாம் யாரும் சலுகை என்று சொல்லவில்லை, பொதுநலன் என்றோம். படுகை மக்களுக்குத் தருவதை மட்டும் ஏன் சலுகை என்கிறோம்?

திருவரங்கமும் இரு ஆறுகளுக்கு நடுவிலுள்ள திட்டுதான். எனக்கு உறுதியான கரை இருக்கிறது, அவர்களுக்கு இல்லை. வேறுபாடு அவ்வளவே.

புவி வெப்பமடைய, பெருமழையின் தீவிரம் கூடும் என்று அறிவியல் எச்சரிக்கிறது. அப்போது கொள்ளிடத்தின் சுமையும் கூடும். படுகை மக்களுக்கான இழப்பீடும், அவர்கள் ஒப்புதலோடு அமையும் மேட்டு நில வீடுகளும் கருணையல்ல. காப்பாற்றப்பட்டவர்கள் செலுத்த வேண்டிய கடன்.