டாக்டர் வருவதற்குள்...

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம்... எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு கிளினிக், ஒரு ஸ்கேன் சென்டர், ஒரு பல் ஆஸ்பத்திரி. நல்லதுதான். ஆனால், அங்கே டோக்கனோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர் திடீரென்று சரிந்து விழுந்தால் முதலில் ஓடிவருவது யார்? டாக்டரா? அவர் உள்ளே இன்னொரு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருப்பார். சில இடங்களில் இன்னும் வந்தே இருக்க மாட்டார்! டோக்கன் கொடுக்கிற பெண்ணும், ஆயாம்மாவும், வாட்ச்மேனும்தான் பக்கத்தில் இருப்பார்கள்.

இதயம் நின்றால் நாலைந்து நிமிடத்தில் மூளை பாதிக்கப்பட ஆரம்பித்துவிடும். நெஞ்சை அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏழு முதல் பத்து சதவிகிதம் குறைகிறது. 2008-லிருந்து நமக்கு 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது, வாஸ்தவம். சாயங்கால ஜி.எஸ்.டி. ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன?

அதனால் என் கட்சி இதுதான்: சி.பி.ஆர். பயிற்சியை டாக்டர், நர்ஸோடு நிறுத்தக் கூடாது. கூட்டித் துடைப்பவர் வரை எல்லோருக்கும் தர வேண்டும்.

'படிக்காதவங்களுக்கு இதெல்லாம் வருமா?' என்பார்கள். வரும். 1960-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இந்த முறையை வெளியிட்ட மூவரில் மூத்தவரான கோவன்ஹோவன் டாக்டரே இல்லை, எலெக்ட்ரிகல் இன்ஜினீயர்!

கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு சரியில்லை என்றால் ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் நடுமார்பில் அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் நெஞ்சு முழுசாக மேலே எழும்பி வர விட வேண்டும். பலரும் ஏமாறுவது ஒரு இடத்தில். விழுந்தவர் எப்போதாவது வாயைத் திறந்து கேவுவார். 'மூச்சு இருக்கே' என்று காத்திருந்துவிடுவார்கள். அது மூச்சே இல்லை!

அழுத்துகிறவருக்கு இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். ஆள் மாற வேண்டும். இதற்குத்தான் தனி ஆளாக இல்லாமல் குழுவாகப் பழக வேண்டும் என்பது. 'சார், அழுத்தம் போதலை' என்று ஒரு ஆயாம்மா டாக்டரிடமே சொல்ல முடிகிற கிளினிக்தான் நல்ல கிளினிக். நம்ம ஊரில் அது கொஞ்சம் கஷ்டம்தான்!

சுவரில் சர்டிஃபிகேட் மாட்டியிருக்கிறதே என்கிறீர்களா? அமெரிக்க இதய சங்கத்தின் பயிற்சி அட்டை இரண்டு வருஷம் செல்லும். கைப்பழக்கமோ சில மாதங்களிலேயே மங்கிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மத்தியான இடைவேளையில் பத்து நிமிடம் பொம்மையை அழுத்திப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

'ஆறே மாசத்துல வேலையை விட்டுப் போயிடறாங்க, அவங்களுக்கு எதுக்குச் செலவு?' என்று கேட்கும் முதலாளிகளும் உண்டு. போனால் எங்கே போவார்கள்? மேடவாக்கத்திலோ மடிப்பாக்கத்திலோ இன்னொரு கிளினிக்குக்குத்தானே! கற்றது அங்கே உதவட்டுமே.

அடுத்த தடவை பி.பி. பார்க்கப் போகும்போது ரிசப்ஷனில் சிரித்த முகமாகவே கேளுங்கள்: "இங்க எல்லாரும் கடைசியா எப்போம்மா பொம்மையில பிராக்டிஸ் பண்ணினீங்க?"