கருப்பை அகற்றும் அறுவை சிகிச்சை: கையெழுத்துக்கு முன் கிடைக்க வேண்டிய விளக்கம்

புது தில்லி: தேவையற்ற கருப்பை அகற்றும் அறுவை சிகிச்சைகளைத் தடுப்பதற்காக மத்திய சுகாதார அமைச்சகம் 2022-இல் வகுத்த வழிகாட்டு நெறிமுறைகளை, அனைத்து மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் மூன்று மாதங்களுக்குள் ஏற்றுச் செயல்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 5-ஆம் தேதி உத்தரவிட்டது. பிகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்கு உரிய காரணமின்றிக் கருப்பை அகற்றப்பட்டதாகக் கூறி, மருத்துவர் நரேந்திர குப்தா 2013-இல் தொடுத்த பொதுநல வழக்கில் இந்தத் தீர்ப்பு வழங்கப்பட்டது.

தேசிய, மாநில, மாவட்ட அளவில் கண்காணிப்புக் குழுக்கள் அமைத்தல், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் வயது, தொழில் உள்ளிட்ட விவரங்களைத் திரட்டுதல் ஆகியவற்றை நெறிமுறைகள் வலியுறுத்துகின்றன. தேவையின்றியோ, விவரமறிந்த ஒப்புதல் பெறாமலோ கருப்பையை அகற்றியது கண்டறியப்பட்டால், அந்த மருத்துவமனையைக் கருப்புப் பட்டியலில் சேர்க்கவும் நீதிமன்றம் பணித்தது. ஆயினும் இக்குழுக்கள் பெரும்பாலும் அறுவை சிகிச்சை முடிந்த பின்னரே கணக்குக் கேட்கும். ஒரு பெண்ணின் உடல் குறித்த முடிவோ, அதற்கு முன்பே மருத்துவரின் அறையில் நிகழும் சில நிமிட உரையாடலில் எடுக்கப்பட்டுவிடுகிறது.

புள்ளிவிவரங்கள் காட்டும் நிலை

2019-21 காலகட்டத்தில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 3.3 சதவீதத்தினர் கருப்பையை இழந்துள்ளனர். ஆந்திரப் பிரதேசத்தில் இது 8.7 சதவீதமாகவும் தெலங்கானாவில் 8.2 சதவீதமாகவும் உள்ளது. நகரங்களைவிடக் கிராமங்களிலும், படித்தவர்களைவிடப் பள்ளிப் படிப்பு இல்லாதவர்களிடையேயும் விகிதம் கூடுதலாக இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் தனியார் மருத்துவமனைகளில் நடந்துள்ளன.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில், மூன்று ஆண்டுகளில் 99 தனியார் மருத்துவமனைகளில் 4,605 பெண்களுக்குக் கருப்பை அகற்றப்பட்டதாக 2019-இல் அம்மாநிலச் சட்ட மேலவையில் அரசே தெரிவித்தது. அதன் பின்னர் மாவட்டத்தின் கரும்பு வெட்டும் தொழிலாளர்களிடையே 82,309 பெண்களிடம் நடத்தப்பட்ட கணக்கெடுப்பில், 13,861 பேர் இந்த அறுவை சிகிச்சைக்கு உள்ளாகியிருப்பது தெரியவந்தது. ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் என்பது இதன் பொருள். கணவனும் மனைவியும் ஓர் இணையாக முன்பணம் பெற்றுக்கொண்டு, மாதக்கணக்கில் கரும்புத் தோட்டங்களிலேயே தங்கி வேலை செய்கின்றனர். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டாலும் கூலியில் பிடித்தம் உண்டு. கழிப்பறையோ குளிக்க இடமோ இல்லாத சூழலில் மாதவிடாயும் நோய்த்தொற்றும் தாங்கவியலாச் சுமையாக மாறிவிடுகின்றன. அந்நிலையில், கருப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற சொல் எளிதில் ஏற்கப்படுகிறது.

ஆந்திரத்தின் பின்னணி வேறு. அங்கு மணமான பெண்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். அவர்களில் பெரும்பாலோர் அதை இளம் வயதிலேயே முடித்தவர்கள். குழந்தைப்பேறு நிறைவடைந்த பின் கருப்பைக்கு வேலையில்லை என்னும் எண்ணம் குடும்பத்தினரிடம் மட்டுமன்றி மருத்துவர்கள் சிலரிடமும் வேரூன்றியுள்ளது.

நோய் எது, சிகிச்சை எது?

கருப்பையை அகற்றுவது எப்போதும் தவறான சிகிச்சை என்று கூற இயலாது. கருப்பை அல்லது கருப்பை வாய்ப் புற்றுநோய், பிரசவத்துக்குப் பின் கட்டுக்கடங்காத உதிரப்போக்கு, பிற சிகிச்சைகளுக்கு அடங்காத கடும் வலி போன்ற நிலைகளில் அது உயிர் காக்கும் அல்லது வாழ்வை மீட்டுத்தரும் சிகிச்சையாகும். ஆனால் இந்தியப் பெண்கள் இந்த அறுவை சிகிச்சைக்குக் கூறும் முதன்மையான காரணம் அதிக உதிரப்போக்கு அல்லது மாதவிடாய் வலி. அடுத்தது நார்க்கட்டி அல்லது நீர்க்கட்டி. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேறு சிகிச்சைகள் உள்ளன.

அதிக உதிரப்போக்குடன் வரும் பெண்ணுக்கு முதலில் இரத்தசோகை உள்ளதா எனப் பார்க்க வேண்டும். தேவைக்கேற்ப தைராய்டு பரிசோதனையும் ஸ்கேனும் செய்யப்படும். நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்குக் கருப்பையின் உட்சவ்விலிருந்து சிறிதளவு திசு எடுத்துப் பரிசோதிப்பதும் அவசியமாகலாம். புற்றுநோய் இல்லை என்று தெரிந்த பின் உதிரப்போக்கைக் குறைக்கும் மாத்திரைகள், ஹார்மோன் மாத்திரைகள், கருப்பைக்குள் பொருத்தப்படும் ஹார்மோன் சாதனம் ஆகியவை பலருக்கும் போதுமானவை.

நார்க்கட்டி என்பது கருப்பையின் தசையில் வளரும், புற்றுநோய் அல்லாத கட்டி. அது புற்றுநோயாக மாறுவது மிக அரிது. தொந்தரவு தராத கட்டிக்குச் சிகிச்சையே தேவைப்படாமல் போகலாம். மாதவிடாய் நின்ற பின் பெரும்பாலும் அது சுருங்கிவிடும். தொந்தரவு தருமாயின் கருப்பையை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் அகற்றவும் வழியுண்டு. கருப்பை இறக்கத்துக்கு இடுப்புத்தளத் தசைப் பயிற்சியும், உள்ளே பொருத்தப்படும் வளையமும் பலருக்கு உதவுகின்றன. வெள்ளைப்படுதல் பெரும்பாலும் இயல்பானது அல்லது மருந்தால் குணமாகும் தொற்று.

அகற்றிய பின் தோன்றும் விளைவுகளும் சிறியவை அல்ல. கருப்பையுடன் இரு சினைப்பைகளும் எடுக்கப்பட்டால், முப்பது வயதுப் பெண்ணுக்கும் ஒரே நாளில் மாதவிடாய் நிறுத்த நிலை ஏற்படுகிறது. உடல் வெப்பமும் வியர்வையும், உறக்கமின்மை, எலும்பு தேய்தல் ஆகியவற்றோடு பிற்காலத்தில் இதயநோய் அபாயமும் கூடுகிறது. சினைப்பைகள் விட்டுவைக்கப்பட்டாலும் அவற்றின் செயல்பாடு வழக்கத்தைவிட முன்னதாகவே குன்றக்கூடும். உடலுழைப்பையே நம்பி வாழும் பெண்ணுக்கு இது வருவாய் இழப்பாகவும் முடிகிறது.

அச்சம் இட்டு நிரப்பும் வெற்றிடம்

இத்தகைய நிலையில் பெண்களைச் சம்மதிக்க வைக்கும் சொற்களில் வலிமையானது, "விட்டால் புற்றுநோயாகிவிடும்" என்பதே. இந்தியப் பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்றுநோய் பரவலாக இருப்பதால் அந்த அச்சம் முற்றிலும் அடிப்படையற்றது எனத் தள்ளிவிட முடியாது. அதற்கு விடையளிக்க எளிய பரிசோதனைகள் உள்ளன. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவிப் பார்க்கும் முறை சில நிமிடங்களில் முடிவு தரும்; செலவும் மிகக் குறைவு. பாப் ஸ்மியர், எச்பிவி பரிசோதனை ஆகியவையும் நடைமுறையில் உள்ளன. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் தென்பட்டாலும், பாதிக்கப்பட்ட பகுதியை மட்டும் நீக்குவது அல்லது வெப்பத்தால் அழிப்பது பெரும்பாலும் போதுமானது.

ஆயினும் ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு தரும் எண் கவலைக்குரியது. 30 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 1.9 சதவீதத்தினரே வாழ்நாளில் ஒரு முறையேனும் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள். எஞ்சிய 98 சதவீதத்தினரிடம், தமக்கு அந்நோய் இல்லை என்று காட்ட எந்த முடிவுத்தாளும் கிடையாது. ஸ்கேன் அறிக்கையில் உள்ள புரியாத ஒரு சொல்லே அவர்களுக்கு நோயாகிவிடுகிறது. இதன் மறுபக்கமும் கவனிக்கத்தக்கது. மாதவிடாய் நின்ற பின் வரும் உதிரப்போக்கு, உடலுறவுக்குப் பின் வரும் உதிரப்போக்கு ஆகியவை உடனே பரிசோதிக்கப்பட வேண்டிய அறிகுறிகள். அவற்றைப் புறக்கணிப்பதும் பரிசோதனை இல்லாத நிலையின் மற்றொரு விளைவே.

காப்பீட்டு முறையும் இதில் பங்கு வகிக்கிறது. ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு ரூ.5 லட்சம் வரை வழங்கும் ஆயுஷ்மான் பாரத் திட்டம் உள்நோயாளி சிகிச்சைக்கானது. கருப்பை அகற்றுவதற்கு முன் அனுமதி பெற வேண்டும் என்ற கட்டுப்பாடு அதில் உள்ளது. ஆனால் மாதந்தோறும் வாங்க வேண்டிய மாத்திரைக்கும் புறநோயாளி ஆலோசனைக்கும் அத்திட்டம் பணம் தருவதில்லை. எனவே ஏழைக் குடும்பத்துக்கு அறுவை சிகிச்சை இலவசமாகவும், அதைத் தவிர்க்க உதவும் சிகிச்சை செலவு மிக்கதாகவும் அமைந்துவிடுகிறது.

ஒப்புதல் என்றால் என்ன?

இக்கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2008-ஆம் ஆண்டிலேயே தெளிவான விடை அளித்துள்ளது. நீடித்த உதிரப்போக்குக்காக 1995-இல் மருத்துவமனைக்குச் சென்ற 44 வயதுப் பெண் ஒருவர், லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்காக மயக்க மருந்து செலுத்தப்பட்டிருந்த வேளையில், அவரது தாயாரிடம் சம்மதம் பெற்று அவருடைய கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், பரிசோதனைக்கு அளித்த ஒப்புதல் அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் ஆகாது என்றும், நல்ல மனநிலையில் உள்ள வயதுவந்த ஒருவருக்காக அவருடைய தாயார் சம்மதிக்க இயலாது என்றும் நீதிமன்றம் கூறியது.

சிகிச்சையின் தன்மை, நோக்கம், பயன், மாற்று வழிகள், குறிப்பிடத்தக்க அபாயங்கள், சிகிச்சையை மறுத்தால் நேரக்கூடியவை ஆகியவற்றை நோயாளிக்கு விளக்கிய பின் பெறப்படுவதே செல்லுபடியாகும் ஒப்புதல் என அத்தீர்ப்பு வரையறுத்தது. அந்தப் பெண்ணுக்கு வழங்கப்பட்ட இழப்பீடு ரூ.25,000 மட்டுமே என்றாலும், வகுக்கப்பட்ட நெறி நாடு முழுமைக்கும் பொருந்தும்.

இந்நெறியை நடைமுறைக்குக் கொண்டுவரப் புதிய சட்டம் தேவையில்லை. ஒப்புதல் படிவம் நோயாளி பேசும் மொழியில் இருத்தல், மாற்றுச் சிகிச்சைகள் அதில் பெயர் குறிப்பிட்டு எழுதப்படுதல், சினைப்பைகளும் அகற்றப்படுமா என்பது தனியாகக் கேட்கப்படுதல் ஆகியவை எளிய மாற்றங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளை அளிக்க வேண்டும் என 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் கூறுகின்றன. அப்பதிவுகளுடன் இன்னொரு மருத்துவரின் கருத்தைப் பெறுவது நோயாளியின் உரிமை. உதிரப்போக்கு உயிரை அச்சுறுத்தாத வரை அதற்குச் சில நாள்கள் எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

மாவட்டக் கண்காணிப்புக் குழுக்கள் அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கையோடு, அவற்றுக்கு முன் எந்தப் பரிசோதனைகள் செய்யப்பட்டன, எந்த மருந்துகள் எவ்வளவு காலம் தரப்பட்டன என்பதையும் கேட்கத் தொடங்கினால் நெறிமுறைகளுக்குப் பொருள் கிடைக்கும். கருப்பை வாய்ப் பரிசோதனை கிராமத்துச் சுகாதார மையங்களில் வழக்கமானதாக மாறும்போது, புற்றுநோய் அச்சத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்குவதும் கடினமாகும்.