கேம்பர் எடுக்கிறேன் பேர்வழி என்று...

போன மாசம் என் ஸ்விஃப்டுக்கு லோயரிங் ஸ்பிரிங் போட்டுட்டு வீல் அலைன்மென்ட் பண்ணப் போனேன். மெஷினைப் பார்த்த அண்ணன், "தம்பி, ரெண்டு பக்கமும் கேம்பர் அவுட். எடுத்துரலாமா?"ன்னார். எப்படிண்ணேன்னா, ஹைட்ராலிக் ஜாக்கி வெச்சு ஸ்ட்ரட்டையே வளைப்பாராம்! வேணாம்னு வந்துட்டேன். அந்தக் கடுப்புலதான் இந்தப் பதிவு.

மக்களே, ஸ்ட்ரட் வெறும் இரும்புக் குழாய் இல்லை. ஷாக் அப்சார்பரே அதுதான். அது கோணினா உள்ளே ராடு உரசும், சீல் தேயும், ஆயில் கசியும். சில நூறு ரூபாய் வேலைக்குப் போய் பல ஆயிரம் செலவை வாங்கிட்டு வர்றது எந்த ஊர் கணக்கு?

முதல்ல, அது கோளாறே இல்லை. காரைத் தாழ்த்தினா சக்கரத்தோட மேல்பக்கம் கொஞ்சம் உள்ளே சாயும். அதுதான் நெகடிவ் கேம்பர். வளைவுல வண்டி சாயும்போது வெளிப்பக்க டயர் ரோட்டை நல்லாப் பிடிக்க அதுதானே வேணும்? ரெண்டு பக்கமும் ஒரே அளவா, ஒரு டிகிரி பக்கம் இருந்தா அப்படியே விடுங்க. ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தா லோயர் ஆர்ம் கோணியிருக்கலாம், புஷ் தேஞ்சிருக்கலாம். ஸ்ட்ரட்டை வளைச்சா திரையில பச்சை வரும், பழுது அப்படியே இருக்கும்! உண்மையிலேயே கேம்பரை மாத்தணும்னா, ஸ்ட்ரட்டை நக்கிளோட சேர்க்கிற ரெண்டு போல்ட்ல ஒண்ணை எடுத்துட்டு கேம்பர் போல்ட் போடலாம். எதையும் வளைக்க வேணாம்.

"அப்போ டயர் தேயாதா?"ன்னு கேட்பீங்க. இந்த அளவு கேம்பரை விட டயரை வேகமாத் தின்னுறது டோ. அதாவது, மேலேயிருந்து பார்த்தா சக்கரம் நேரா இல்லாம உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிக்கறது. பி.காம். மூளைக்கு எட்டின கணக்கு: ஒரு சக்கரம் கால் டிகிரி திரும்பியிருந்தா, கிலோமீட்டருக்கு நாலு மீட்டருக்கு மேல டயர் பக்கவாட்டுல இழுபடுது. 10,000 கி.மீ. ஓட்டினா 40 கி.மீ.க்கு மேல! ஸ்பிரிங் மாத்தினா டோவும் மாறும். அதைச் சரி பண்ண டை ராடைத் திருகினா போதும்.

பின் சக்கரம் டார்ஷன் பீம். திருக அங்கே ஒண்ணுமே இல்லை. "பின்னாடியும் செட் பண்ணிட்டேன்"னு காசு கேட்டா, என்ன பண்ணீங்கன்னு காட்டச் சொல்லுங்க.

அடுத்த தடவை முன்னும் பின்னும் எடுத்த பிரிண்ட் அவுட்டை கேட்டு வாங்குங்க, டோவைப் பாருங்க. ஜாக்கியோட ஸ்ட்ரட் பக்கம் வந்தாங்கன்னா? சாவியை வாங்கிட்டுக் கிளம்பிடுங்க!