பெயர் அறிதலும் நோய் அறிதலும்

காய்ச்சல் கண்ட நண்பனை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல இளைஞர் எவரும் தயங்குவதில்லை. அதே நண்பன் பல நாள்களாக உண்ணாமலும் உறங்காமலும் ஒதுங்கியிருந்தால், ‘சோம்பல்’ என்று கூறிக் கடந்துவிடுகின்றனர். உடல்நோயை அறிந்த அளவிற்கு உளநோயை அறியாமையே இதற்குக் காரணம்.

இக்கால இளையோர் உளநோய்களின் பெயர்களை அறியாதவர் அல்லர். மதிப்பெண் சற்றுக் குறைந்தாலே ‘டிப்ரஷன்’ என்கின்றனர். ஆனால், பெயர் அறிதல் வேறு. நோய் அறிதல் வேறு. துயரம் இயல்பான உணர்வு, நாளடைவில் தணிவது. ஆழ்ந்த துயரமோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நாள்தோறும் நீடித்து, உறக்கமும் பசியும் கவனமும் குலைந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். தேர்வுக்கு முன் தோன்றும் அச்சமும் இயல்பே. பல மாதங்கள் நீடித்து அன்றாட வாழ்வை முடக்கும் அச்சமோ பதற்றநோயின் அறிகுறியாகலாம். இவற்றை உறுதிசெய்ய வேண்டியவர் மருத்துவரே.

நோய்களைப் பற்றிப் பேசினால் இல்லாத நோயையும் இளையோர் கற்பித்துக்கொள்வர் எனச் சிலர் அஞ்சுவர். இயல்பையும் நோயையும் வேறுபடுத்தத் தெரியாதவரே அவ்வாறு மயங்குவர். தெளிந்த அறிவு அம்மயக்கத்தைப் போக்கும்.

அறியாமை ஏளனமாகவும் உருக்கொள்கிறது. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநல மருத்துவமனையின் வரலாறு 1794ஆம் ஆண்டில் தொடங்குகிறது. இரு நூற்றாண்டுகளாக நோயுற்றோரைப் பேணிவரும் அம்மருத்துவமனை உள்ள இடத்தின் பெயரே நண்பர் வட்டத்தில் கேலிச்சொல்லாகிவிட்டது. அக்கேலியைக் கேட்டுச் சிரிப்போருள் ஒருவர் உள்ளூரத் துன்புறுபவராக இருந்தால், அவர் அன்றே வாய்மூடிவிடுவார். உதவி கேட்கவும் அஞ்சுவார்.

மறைத்தலும் ஒதுக்கலும் எங்குக் கொண்டு சேர்க்கும் என்பதை ஏர்வாடி உணர்த்தியது. 2001 ஆகஸ்டு 6 அன்று அங்குள்ள தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப இயலாத அத்தீயில் 28 பேர் உயிரிழந்தனர். உளநோயுற்றோரைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. ஆயினும், ஏளனத்திற்கு அஞ்சி மருத்துவம் நாடாதிருக்கும் நிலையைச் சட்டத்தால் மட்டும் மாற்ற இயலாது. அம்மாற்றம் வகுப்பறையில் தொடங்க வேண்டும்.

மனச்சோர்வும் பதற்றநோயும் மருத்துவத்தால் தணிப்பவை. அரசின் 14416 என்னும் இலவசத் தொலைபேசி உதவியை எந்நேரமும் பெறலாம். அந்த எண்ணை அறிந்திருப்பதோடு, துன்புறும் நண்பனிடம் “வா, மருத்துவரைப் பார்க்கலாம்” என்று தயக்கமின்றிச் சொல்வதே உளநலம் கற்றதன் பயனாகும்.