எவ்வளவு கொடுக்கும்?

கார்த்திகை தீபத்தையொட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தையில் கறவை மாடு வாங்க வருபவர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ‘எவ்வளவு கறக்கும்?’ கேட்டவரைக் கஞ்சன் என்று எவரும் ஏசுவதில்லை. அதே மனிதர் கார் வாங்கப் போய் ‘லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?’ என்று கேட்டால், கார்ப் பிரியர்கள் என்று தம்மை அழைத்துக்கொள்வோர் முகம் சுளிக்கிறார்கள். சிறிய கார் அவர்களுக்கு ‘டப்பா’. மைலேஜ் பற்றிய கேள்வி, ரசனையற்றவனின் கேள்வி.

இந்த ஏளனத்தை ரசனை என்று ஏற்க நம்மால் இயலவில்லை. தேரைப் பாடிய சங்கப் புலவர்கள்தாம் உமணரின் உப்பு வண்டியையும் பாடினார்கள். அதியமான் மகன் பொகுட்டெழினிக்கு உவமை தேடிய அவ்வை, கொடி பறக்கும் தேரை நாடவில்லை. மேடும் பள்ளமுமான வழியில் அச்சு முறிந்தால் உதவட்டுமென்று உமணர் வண்டிக்கு அடியில் கட்டிவைத்த மாற்று அச்சையே எடுத்துக்கொண்டார். அன்றாட வண்டியின் ஒரு மரத்துண்டு அரசிளங்குமரனுக்கு உவமையாகலாம். 1983 டிசம்பர் முதல் 2014 ஜனவரி வரை உருவாகி, எத்தனையோ நடுத்தரக் குடும்பங்களின் முதல் காராக அமைந்த மாருதி 800 மட்டும் நகைப்புக்குரியதா?

ஏளனத்தோடு நின்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். எரிபொருள் சிக்கன விதிகள் காரோட்டும் இன்பத்தையே கொன்றுவிட்டன என்று புலம்பவும் செய்கிறார்கள். விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து, 2022-இல் இறுக்கப்பட்ட இந்த விதி தனித்தனிக் காரைத் தொடுவதே இல்லை. ஒரு நிறுவனம் ஓராண்டில் விற்கும் கார்கள் அனைத்தின் சராசரியையே அது அளக்கிறது. அந்தச் சராசரிக்கான வரம்போ எடையைப் பொறுத்தது. இரண்டாம் கட்டச் சூத்திரத்தின்படி, விற்ற கார்களின் சராசரி எடை 800 கிலோ என்றால் லிட்டருக்குச் சுமார் 23.8 கிலோமீட்டர் கொடுத்தாக வேண்டும். சராசரி எடை 1,500 கிலோ என்றால் 17.8 போதும். அதாவது, கனம் கூடக் கூடக் கண்டிப்பு குறைகிறது! மெலிந்தவனிடம் கறாராகவும் பருத்தவனிடம் பரிவாகவும் நடந்துகொள்ளும் விதியைக் கொடுங்கோல் என்கிறார்கள் நம் நண்பர்கள்.

2027 ஏப்ரலில் தொடங்கவிருக்கும் மூன்றாம் கட்டத்துக்காக 2025 செப்டம்பரில் ஒரு வரைவு வெளியானது. 909 கிலோவுக்கு மேற்படாத சிறிய பெட்ரோல் கார்களுக்குச் சற்றே சலுகை தர அது முன்வந்தது. உடனே பிற நிறுவனங்களிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. அச்சலுகையால் பயன்பெறுவது பெரும்பாலும் ஒரே நிறுவனம் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் எடைக்கேற்ப வரம்பு தளர்வது யாருக்குச் சலுகை என்ற கேள்வியை அவ்வளவு உரக்க எவரும் எழுப்பக் காணோம்.

காரோட்டுவதில் இன்பம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. அந்த இன்பத்தின் தாயே எடைக் குறைவுதான். வளைவில் சொன்னபடி திரும்புவதும், மிதித்ததும் நிற்பதும் இலகுவான வண்டிக்கே எளிது. இதைக் கார்ப் பிரியர்கள் நம்மைவிட நன்கறிவார்கள். அறிந்திருந்தும் கனத்த வண்டிக்குக் கைதட்டிவிட்டு, இன்பம் போயிற்றே என்று விதியைப் பழிப்பது என்ன நியாயம்?

பௌர்ணமி இரவுகளில் நம் ஊரின் எல்லைக்கு வந்து பாருங்கள். வெறுங்காலுடன் 14 கிலோமீட்டர் நடந்து மலையை வலம்வர வந்த ஒரே ஒருவரை இறக்கிவிட்டு, ஏறத்தாழ இரண்டு டன் எடையுள்ள வண்டி ஓரமாக நிற்கும். அறுபது எழுபது கிலோ மனிதரைச் சுமக்க இரண்டு டன் இரும்பு! இதில் ரசனை எங்கே இருக்கிறது?

‘எவ்வளவு கொடுக்கும்?’ என்பது கஞ்சனின் கேள்வியன்று. எடுத்துக்கொள்வதற்கு ஈடாக என்ன தருகிறாய் என்று ஒரு பொருளை நிறுத்திக் கேட்கும் கேள்வி அது. சந்தையில் மாட்டைக் கேட்பவர் காரையும் கேட்கட்டும். கேட்கக் கூச வேண்டியவர் அவரல்லர்.